மேசை தட்டிய கை

ஜனவரி 9

அன்பு மருமகளுக்கு,

ஏழாவது வார்டின் நகர்மன்ற உறுப்பினரும், மூன்று குழுக்களில் அங்கத்தினரும், உனக்குத் தாய்மாமனுமாகிய நான் எழுதுவது. இங்கே எல்லோரும் இரும்பு மாதிரி இருக்கிறோம். உன் அத்தைக்கு மட்டும் மூட்டு வலி, அதுவும் நான் வேலை சொன்னால்தான் வரும். அங்கே குளிர் எப்படி, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, தையல் ஆலையில் உன்னை நிற்க வைத்தே கொல்கிறார்களா, எல்லாம் விவரமாக எழுது.

புது மன்றக் கூடம் திறந்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு மேசை, மேசைக்கு ஒரு மைக். எனக்கு எதற்கு மைக்? தலைவர் ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணை மட்டும் சொல்வார். சம்மதம் என்றால் நாங்கள் மேசையைத் தட்ட வேண்டும். அவ்வளவுதான், நிறைவேறியது. போன கூட்டத்தில் நான் தட்டிய தட்டில் முன்வரிசைக்காரரின் மூக்குக் கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது. தலைவரே சொல்லிவிட்டார், "ஏழாவது வார்டு அண்ணன் தட்டிட்டா ஓட்டெடுப்பே வேணாம்யா" என்று. நம் தெருவுக்கு மட்டும் நாற்பது விளக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ராத்திரியில் ஊசி விழுந்தாலும் எடுக்கலாம்.

கூட்டத்துக்கு முன்பு அஜெண்டா என்று ஒரு புத்தகம் தருவார்கள், செங்கல் கனம். எனக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை, ஐந்தாம் வகுப்பில் என் கையெழுத்தைப் பார்க்க ஹெட்மாஸ்டரே வருவார். ஆனால் அந்த ஆபீஸ் தமிழ் இருக்கிறதே, ஒரு வாக்கியம் முடிவதற்குள் டீ ஆறிவிடும். அதனால் வியாழக்கிழமை சாயங்காலம் உன் அம்மா வாசிப்பாள், நான் கேட்டுக்கொள்வேன். தனியாக இருக்கிறவளுக்குப் பொழுது போகட்டுமே என்றுதான்.

இனி அக்காவின் இரண்டு வரி.

இப்படிக்கு உன் மாமன்.

மகளே, நலம். விளக்கு பதினாலுதான். வேளைக்குச் சாப்பிடு. அம்மா.


பிப்ரவரி 2

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகம். கால் வீக்கம் வடிந்துவிட்டது. அத்தையின் மூட்டுக்கு என் அனுதாபம், உங்களுக்கு அல்ல.

பதினான்கு விளக்குக்கும் சந்தோஷம். ஆனால் ஒரு விஷயம். அம்மா எழுதிய இரண்டு வரியும் நேராக இல்லை. முதல் வரி மேலே ஏறி உங்கள் கையெழுத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. 'வேளைக்கு' பாதியில் நின்று, மீதி ஒரு விரல் கீழே கிடக்கிறது. எங்கள் ஆலையில் ஒருத்திக்குத் தையல் கோட்டை விட்டு இப்படி ஏறினால் மிஷினைப் பார்க்க மாட்டார்கள். அவளைக் கண் டாக்டரிடம் அனுப்புவார்கள்.

இந்த மாதமே அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள் மாமா. தானாகப் போக மாட்டாள். கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். அந்த வீட்டில் அவள் கண்ணை மூடிக்கொண்டு கூட நடப்பாள். அப்பா கட்டும்போது கணக்குத் தப்பி நாலாவது படியை உயரமாக வைத்துவிட்டாரே, வருகிறவர்கள் எல்லோரும் அதில் தடுக்குவார்கள், அம்மா மட்டும் பேசிக்கொண்டே தாண்டுவாள். நானும் எங்கே மாடி ஏறினாலும் நாலாவது படியில் காலை உயரத் தூக்குகிறேன். இங்கே பார்த்துச் சிரிக்கிறார்கள்.

ஒப்பந்தம் முடிய இன்னும் இருபது மாதம். வந்து அந்த மாடி அறையில் ஒரு வாரம் தூங்க வேண்டும். வேறு ஆசை ஒன்றும் இல்லை.

உங்கள் மருமகள்.


பிப்ரவரி 20

அன்பு மருமகளுக்கு,

நகர்மன்ற உறுப்பினராகிய உன் மாமன், இப்போது சுகாதாரக் குழுவின் துணைத் தலைவருமாகி, எழுதுவது. துணைத் தலைவர் என்று இன்னும் அறிவிக்கவில்லை. அறிவித்த மாதிரிதான். எல்லோரும் சௌக்கியம்.

நீ சொல்லி நான் செய்யாமல் இருப்பேனா? கண் டாக்டர் எனக்கு உயிர்ச் சிநேகிதர். என் வண்டிச் சத்தம் கேட்டதும் வாசலுக்கே வந்துவிட்டார். வரிசையில் எழுபது பேர். "உறுப்பினர் வந்திருக்கார், வழி விடுங்க" என்று அவரே சொல்லி அக்காவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். எதை எதையோ வைத்துப் பார்த்தார். கடைசியில், "அம்மா, இது இருபது வயசுக் கண்ணு, இதை வச்சு ஊசியில நூல் கோக்கலாம்" என்றார். எழுத்து கோணியது பேனாவின் கோளாறு. புதுப் பேனா வாங்கிக் கொடுத்துவிட்டேன், தங்க முனை.

அன்றைக்கே தண்ணீர்த் தொட்டித் திறப்பு விழா. ஒரே நாளில் இரண்டையும் முடித்தேன். என்னைத் தவிர யாரால் முடியும்?

உன் மாமன்.

மகளே, நலம். கவலைப்படாதே. அம்மா.


மார்ச் 11

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். உங்கள் கடிதம் வந்த அன்று நிம்மதியாகத் தூங்கினேன். எழுபது பேர் வரிசை, தங்க முனை இதெல்லாம் உங்கள் சரக்கு என்று தெரியும். ஆனால் நீங்கள் எது அளந்தாலும் அம்மா கீழே திருத்திவிடுவாள். இந்தத் தடவை திருத்தவே இல்லை. அதனால் நம்பினேன்.

ரொம்ப நன்றி மாமா. அம்மாவுக்கு உங்களை விட்டால் யார்?

உங்கள் மருமகள்.


ஜூன் 3

அன்பு மருமகளுக்கு,

பதில் எழுதத் தாமதம். பொதுவாழ்க்கை என்றால் அப்படித்தான், மூச்சு விடவே தீர்மானம் போட வேண்டியிருக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லையே? இங்கே நலம்.

ஒரு சமாச்சாரம். பதறாமல் படி. நம் தெருவை அகலப்படுத்துகிறார்கள். ஆம்புலன்ஸ் நுழையும், பஸ் நுழையும், இன்னும் பத்து வருஷத்தில் விமானமே இறங்கினாலும் ஆச்சரியமில்லை. அதற்குக் கிழக்குப் பக்கத்து வீடுகள் எல்லாம் போகின்றன. உங்கள் வீடும் அதில் ஒன்று.

மன்றத்தில் அந்தப் பொருள் வந்தபோது கூடம் முழுக்க என்னைப் பார்த்தது. சொந்த அக்கா வீடு. ஏழாவது வார்டு என்ன செய்யப் போகிறது? நான் எழுந்து, "ஊர்தான் முதல்ல, உறவு அப்புறம்" என்று சொல்லிவிட்டு மேசையைத் தட்டினேன். எத்தனையோ பேர் கண்ணைத் துடைத்தார்கள். பத்திரிகையில் என் படம், அரைப் பக்கம். வெட்டி வைத்திருக்கிறேன்.

அக்கா என் வீட்டுக்கே வந்துவிடுவாள். முன்னறை அவளுக்கு. இன்றைக்கு அவள் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறாள், அதனால் அவள் வரி இல்லை.

உன் மாமன்.


ஜூன் 19

மாமாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை.

கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஊருக்காகக் கொடுத்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கொடுக்க அது உங்கள் வீடா? அப்பா செங்கல் சுமந்து கட்டிய வீட்டை, கைதட்டல் வாங்க, மேசையைத் தட்டிக் கொடுத்துவிட்டீர்கள். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? அவள் என்ன சொன்னாள்? உங்கள் கடிதத்தில் மன்றம் பேசுகிறது, பத்திரிகை பேசுகிறது, அவள் மட்டும் பேசவில்லை.

இதோடு அம்மாவுக்குத் தனிக் கடிதம் வைத்திருக்கிறேன். அவள் கைப்பட பதில் வேண்டும். நீங்கள் சொல்லி நீங்களே எழுதியது வேண்டாம்.

அந்த அரைப் பக்கத்தை எனக்கு அனுப்ப வேண்டாம்.

மருமகள்.


ஜூலை 8

அன்பு மருமகளுக்கு,

உன் கோபம் நியாயம். இங்கே நலம்.

வீட்டைப் போன செவ்வாய்க்கிழமை இடித்தார்கள். நகராட்சிப் பொறியாளரே நேரில் வந்தார். எனக்கு வணக்கம் வைத்துவிட்டுத்தான் மிஷினை ஓட்டச் சொன்னார். மூன்று மிஷின். இரண்டு இருக்கலாம். மாடி அறை முதலில் போனது. அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. படிக்கட்டு மட்டும் இடிபடாமல் கொஞ்ச நேரம் தனியாக நின்றது. உன் அப்பாவின் வேலை கெட்டி என்று பொறியாளர் சொன்னார். இதை நான் சேர்க்கவில்லை, அவர் சொன்னதுதான்.

அக்கா அழவில்லை. எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்து, சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "மாடி போயிடுச்சா?" என்று என்னிடம் கேட்டாள். எதிரிலேதானே நிற்கிறாள், ஏன் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

இப்போது என் வீட்டில் இருக்கிறாள். இடம் புதிது, பழக வேண்டும். உன் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். கையில் சுளுக்கு, அதனால் எழுதவில்லை. சரியானதும் எழுதுவாள்.

என்னைத் திட்டி எழுது. ஆனால் எழுது.

உன் மாமன்.


ஜூலை 25

மாமாவுக்கு,

முதலில் பக்கத்து வீடு, இப்போது சுளுக்கு. அம்மா உங்களோடு பேச்சில்லாமல் இருக்கிறாள், அதை மறைக்கிறீர்கள். அவள் பேசாவிட்டால் நானும் பேசவில்லை. அம்மாவின் எழுத்து வரும்வரை இந்த விலாசத்துக்கு என் கடிதம் வராது.

எல்லோரும் நலமாக இருங்கள்.


ஆகஸ்ட் 22

மகளுக்கு,

அம்மா சொல்ல, உன் அத்தை எழுதுகிறாள். மாமா ஆபீஸ் போயிருக்கிறான். இது அவனுக்குத் தெரியாது. நான் நன்றாக இருக்கிறேன், உன் உடம்பைப் பார்த்துக்கொள். (நானும் நலம். மூட்டு வலி உண்மையாகவே இருக்கிறது. அத்தை.)

உன் கடிதங்களை அத்தை வாசித்துக் காட்டினாள். நான் யாரோடும் பேச்சில்லாமல் இல்லை. என்னால் எழுத முடியவில்லை மகளே. கண் போய்விட்டது. முழுசாக இல்லை, நடுவில் ஒரு சாவித் துவாரம் அளவுக்குத் தெரிகிறது. ஒரு எழுத்து தெரிந்தால் அடுத்த எழுத்து தெரியாது.

கொஞ்ச நாளாகவே அப்படித்தான். வீட்டில் எது எங்கே என்று காலுக்குத் தெரியும், அதனால் யாருக்கும் தெரியாமல் போயிற்று. இங்கே வந்த முதல் நாளே கதவில் மோதிக்கொண்டேன். நாலாவது படியில் காலைத் தூக்கினேன், அங்கே படியே இல்லை, விழுந்தேன். (நெற்றியில் மூன்று தையல். அண்ணி இதை எழுதாதே என்றார்கள்.)

இதைக் கேள். அந்த வியாழக்கிழமை அஜெண்டாவை வாசித்தது நான். ஒரு வரி முடிந்தால் அடுத்த வரியின் தலை எனக்கு அகப்படவில்லை. விட்டு விட்டு வாசித்தேன். கடைசியில் பொடி எழுத்தில் நாலு பக்கம் இருந்தது. "மீதியெல்லாம் சாக்கடைதாண்டா" என்று மூடி வைத்துவிட்டேன். அந்த நாலு பக்கத்தில்தான் இருபத்தேழாம் பொருள், நம் வீடு. வீடு என்று கூட இல்லை, புல எண் நூற்றுப் பதினாலு முதல் என்று போட்டிருந்ததாம். பத்திரம் என் பெட்டியில். அந்த எண் எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. நான் படித்திருந்தால் அவன் தட்டியிருக்க மாட்டான்.

ஊருக்காகக் கொடுத்தேன் என்று அவன் சொல்லித் திரிகிறான். அவன் ஒன்றும் கொடுக்கவில்லை. என் தப்பைத் தன் பெருமை மாதிரி சுமந்துகொண்டிருக்கிறான். அவனைத் திட்டாதே.

பிப்ரவரியில் டாக்டர் நல்லபடியாகத்தான் சொன்னார். இது அதற்கப்புறம் வந்த கோளாறு. (பிப்ரவரி பற்றி எனக்குத் தெரியாது. அண்ணி சொல்வதை எழுதுகிறேன்.)

அம்மா.


செப்டம்பர் 10

மாமாவுக்கு,

அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்.

பிப்ரவரியில் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போனீர்களா?

கதை வேண்டாம். ஆமாம் அல்லது இல்லை.


நவம்பர் 14

மருமகளுக்கு,

உன் மாமன் எழுதுவது. பதவி கிதவி எதுவும் இன்றைக்கு வேண்டாம்.

இல்லை. கூட்டிப் போகவில்லை.

இந்த ஒரு வார்த்தையை எழுத இரண்டு மாதம் ஆயிற்று. ஆறு தாள் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் கை தானாக வேறு எதையோ எழுதியது. ஒன்றில் டாக்டர் வெளியூர் போயிருந்தார். ஒன்றில் எனக்குக் காய்ச்சல்.

அன்றைக்குத் தண்ணீர்த் தொட்டித் திறப்பு. போட்டோ எடுக்க ஆள் வந்திருந்தார்கள். உன் அம்மா நல்ல புடவை கட்டி, கைப்பையை மடியில் வைத்து, காலையிலிருந்து வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாளாம். நான் வரவில்லை. நாளைக்கு என்று சொல்லி அனுப்பினேன். அந்த நாளை வரவே இல்லை. டாக்டர் எனக்குச் சிநேகிதர் இல்லை. அவர் முகத்தையே ஜூலை மாதம்தான் பார்த்தேன், அவளுக்கு நெற்றியில் தையல் போட்ட மறுநாள். எழுபது பேர் வரிசையில் நாங்களும் நின்றோம். யாரும் வழி விடவில்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுவிட்டது என்றார். போனது திரும்பாது, மீதியை மருந்து விட்டுக் காப்பாற்றலாம், ஐந்தாறு மாதம் முன்னால் வந்திருந்தால் பாதிக்கு மேல் நின்றிருக்கும் என்றார். நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அந்தத் திறப்பு விழா நடந்து சரியாக ஐந்து மாதம் ஆகியிருந்தது.

உனக்கு எழுதிய அந்தப் பொய்யை அவளுக்கு வாசித்துக் காட்டினேன், அது தெரியுமா? எப்போதும் அப்படித்தான், நான் வாசிப்பேன், அவள் சிரித்துக்கொண்டே கீழே திருத்துவாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை. அப்புறம் பேனாவை வாங்கி, கவலைப்படாதே என்று எழுதினாள். நாற்பது விளக்கைப் பதினாலாக்கியவள் அதை விட்டுவிட்டாள். மாமன் சொன்ன சொல்லில் நீ தூங்கட்டும் என்று.

இன்னொன்றும் இருக்கிறது. அவள் உனக்கு எழுதியதை உன் அத்தை சொன்னாள். அந்தக் கணக்கு தப்பு. வீடு போனது அவளால் இல்லை.

இருபத்தேழு என்று தலைவர் சொன்னார். தட்டினேன், கூடம் அதிர்ந்தது, வழக்கம்போல எனக்குப் பெருமையாக இருந்தது. எழுந்து நின்றது, ஊர்தான் முதலில் என்றது, கண்ணைத் துடைத்தது எல்லாம் நான் பிறகு கட்டியது. எந்த வீடு என்று நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரிந்தது. தலைவரிடம் ஓடினேன். அவர் என்னை உட்கார வைத்து மெதுவாகச் சொன்னார். "தட்டினது நீங்கதானே அண்ணே. பதிவேட்டுல ஏறிடுச்சு. மறுபடி கூட்டத்துக்குக் கொண்டுவரலாம். ஆனா படிக்காமத்தான் தட்டினேன்னு நீங்க எழுந்து சொல்லணும். சொல்றீங்களா?"

ஒரு வாக்கியம். சொல்லியிருந்தால் வீட்டைக் காப்பாற்ற ஒரு வழி திறந்திருக்கும். அவர் அறையை விட்டு வெளியே வந்தேன். வராந்தாவில் பத்திரிகைக்காரர் நின்றிருந்தார். "உங்க அக்கா வீடும் போகுதாமே?" என்றார். என் வாய் தானாகத் திறந்தது. ஊருக்காகக் கொடுத்தேன் என்றது. மறுநாள் படம் வந்தது. அரைப் பக்கம் இல்லை, தீப்பெட்டி அளவு.

அப்போது அவள் கண் எனக்குத் தெரியாது. என் மானத்துக்காகத்தான் சொன்னேன். தெரிந்த பிறகு, அவள் வாசிக்கத் தவறியது ஊருக்குத் தெரியக்கூடாது என்று அதே பொய்யை வைத்துக்கொண்டேன். முதல் பாதிக்கு நீ என்னை மன்னிக்க வேண்டாம். அடுத்த பாதியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்.

போன மாதக் கூட்டத்தில் எட்டாவது பொருள் வந்தது. மறுபடியும் புல எண்கள். எழுந்து மைக்கைப் போட்டேன், முதல் தடவையாக. "எனக்கு இதைப் படிக்க வராது. என் அக்கா படிச்சுச் சொல்லுவா, அவளுக்குக் கண்ணு போயிடுச்சு. நான் படிக்காமத்தான் தட்டிக்கிட்டிருந்தேன். எண்ணைச் சொல்லாதீங்க, யார் வீடுன்னு சொல்லுங்க" என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தலைவர், "சரிண்ணே, உட்காருங்க" என்று சொல்லிவிட்டு, "எட்டு?" என்றார். எல்லோரும் தட்டினார்கள். நான் கையை மடியில் வைத்திருந்தேன். நான் தட்டாமலே நிறைவேறியது. அடுத்த தேர்தலில் எனக்கு இடம் இல்லை என்று கட்சியில் சொல்லிவிட்டார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் இப்போது நான் வாசிக்கிறேன். விரலை வைத்து, எழுத்துக் கூட்டி. ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகிறது. தப்பாக வாசித்தால் கண்ணை மூடிக்கொண்டே திருத்துகிறாள். அர்த்தம் புரியாவிட்டால் அவள் சொல்கிறாள். டீ ஆறிவிடுகிறது. ஆறட்டும்.

புதுத் தெரு போட்டு முடித்துவிட்டார்கள். வீடு இருந்த இடத்தில் நடைபாதை. நேற்று அவளைக் கூட்டிப் போனேன். கொஞ்ச தூரம் போனதும் நின்றாள், "இங்கதானே படி இருந்துச்சு" என்றாள். சரியாகச் சொன்னாள். ஒன்றுமில்லாத நடைபாதையில் காலை உயரத் தூக்கி வைத்தாள். நானும் தூக்கி வைத்தேன்.

இந்தக் கடிதத்தை முழுக்க அவளுக்கு வாசித்துக் காட்டிவிட்டேன். எங்கேயும் திருத்தச் சொல்லவில்லை. தன் வரியை மட்டும் தானே எழுதுவேன் என்றாள். தாள்மேல் அடிமட்டத்தை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அதன் விளிம்பைத் தொட்டுத் தொட்டு எழுதினாள். கால் மணி நேரம் ஆயிற்று. என்ன எழுதினாள் என்று நான் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மாமன்.

மகளே வா. தெரு அகலமாக இருக்கிறது. அம்மா.